உங்க மெஷின்ல ஓடுதா?

புரோகிராமர்கள் எழுதுவதையெல்லாம் ஒன்றுசேர்த்து ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டுவதற்கு 'பில்டு' என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை; அது உடையும்வரை என் பெயர் ஆபீஸில் யாருக்கும் ஞாபகம் வராது. எந்த ப்ராஜெக்ட்டுக்கு எது தேவை என்று சொல்வது அதனதன் கான்ஃபிக் ஃபைல். பெங்களூரில் இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இந்த அவஸ்தை புதிதல்ல.

நஸ்ரீனின் லேப்டாப்

எங்கள் ப்ராஜெக்ட் ஒன்று, என்னோடு வேலை செய்யும் நஸ்ரீனின் லேப்டாப்பில் மட்டும்தான் பில்டு ஆகும். ஏனென்று யாரும் கேட்டதில்லை. பிரேசர் டவுனில் நடந்த தங்கையின் நிக்காஹ்வுக்குக்கூட அவள் லேப்டாப்போடுதான் போனாள்.

எனக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோண்டினேன். பிறர் எழுதிவைத்த லைப்ரரிகளை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்ற முகவரி ப்ராஜெக்ட்டில் இல்லை. அவளுடைய சொந்த ஃபோல்டரில் இருந்த செட்டிங்கில் இருந்தது. அதை ப்ராஜெக்ட்டின் கான்ஃபிக்குக்கு மாற்றியதும் எல்லோர் மெஷினிலும் ஓடியது. நஸ்ரீன் நம்பாமல் நாலு பேர் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அப்போ இனிமே நான் லீவு போடலாமா?"

மஞ்சுநாத்தின் மார்ச் மாதம்

மஞ்சுநாத் புதிதாகச் சேர்ந்தவன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பில்டோடு தானாக ஓடும் சோதனைகளில் ஒரு டெஸ்ட் அவன் மெஷினில் மட்டும் விடாமல் தோற்றது. "உன் கோடுதான் பில்டை உடைக்குது" என்று டீம் லீட் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பாவம், மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

அவன் கோடை, அதாவது அவன் எழுதிய புரோகிராமை, வரிவரியாகப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை. பிறகுதான் எரர் செய்தியை நிதானமாகப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'March' என்று வரவேண்டிய மாதத்தின் பெயர் கன்னடத்தில் வந்திருந்தது! அவன் லேப்டாப் முழுவதையும் கன்னடத்தில் வைத்திருந்தான். எந்த மொழியில் ஓட வேண்டும் என்று எங்கள் கான்ஃபிக் சொல்லவில்லை; அதனால் பில்டு, தான் ஓடும் மெஷினின் மொழியையே எடுத்துக்கொண்டது. ஒரு வரி சேர்த்தேன், டெஸ்ட் தேறியது. டீம் லீட் வந்து, "ஸாரிப்பா, தப்பு உன் மேல இல்ல" என்றார். மஞ்சுநாத்துக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

"ஆமா சார், என் கோடு சரிதான். உங்க ப்ராஜெக்ட்டுக்குத்தான் கன்னடம் தெரியல. கன்னட கொத்தில்ல!"

நாளைக்குப் பல் பிடுங்க வேண்டும்

விவேக் நகரில் ஒரு பல் கிளினிக்குக்கு நாங்கள் செய்த ஆப், நோயாளிகளுக்கு முதல்நாளே ஞாபகமூட்டும் மெசேஜ் அனுப்பும். சோதனைக்கான கான்ஃபிக்கில் எல்லா மெசேஜும் நஸ்ரீன் நம்பருக்குப் போகும்படி வைத்திருந்தோம். எந்த கான்ஃபிக் என்று சொல்லாமல் பில்டு செய்தால் அது சோதனை கான்ஃபிக்கையே எடுத்துக்கொள்ளும். யாரும் சொல்லவில்லை. அதுவே கிளினிக்குக்கும் போய்விட்டது.

காலையில் நஸ்ரீன் போன் அடங்கவே இல்லை. "எனக்கு நாளைக்கு எத்தனை பல்லுதான் பிடுங்குவாங்க?" என்றாள். மறுநிமிஷம் முகம் மாறியது: உண்மையான நோயாளிகள் ஒருவருக்கும் தகவல் போகவில்லை. தமிழ், கன்னடம், உருது என்று அவரவர் பாஷையில் எல்லோரையும் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். எந்த கான்ஃபிக் என்று சொல்லாவிட்டால் பில்டே நின்றுவிடும்படி நான் மாற்றினேன்.

நோயாளிகள் வரவேண்டிய நாள் கழிந்ததும் மன்னிப்புக் கேட்க கிளினிக்குக்குப் போனேன். ரிசப்ஷனில் இருந்த மேரி அக்கா என்னைப் பேசவே விடவில்லை.

"நேத்து ஒருத்தர் பாக்கியில்லாம வந்துட்டாங்க தம்பி. மெசேஜை நிறுத்திட்டு அந்தப் பொண்ணையே தினம் பேசச் சொல்லுங்களேன்!"

இத்தனைக்கும் பிறகு, பில்டு ஏன் ஓடவில்லை என்று யாராவது வந்து நின்றால், இதுவரை எப்படி ஓடியது என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டியிருக்கிறது.