திட்டினால்தான் நகரும் வண்டி

ஹோசியா டட்டில் அமெரிக்காவின் ஒஹாயோவில் கால்வாய்ப் படகு இழுக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டி வளர்ந்தவன். அவன் அதுகளோடு பேசும் பாஷையைக் கேட்டால் கரையில் நிற்கும் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். உள்நாட்டுப் போர் வந்ததும் வடக்குப் படை அவனைச் சரக்கு வண்டிக்குச் சேர்த்துக்கொண்டது. டென்னசி முகாமில் பாதிரியாரின் பிரசங்கத்தில் உருகிப்போனவன், இனிக் கெட்ட வார்த்தையே பேசுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டான்.

அன்றிலிருந்து கழுதைகள் அவனை மதிப்பதில்லை. "நடங்கம்மா, தாயே" என்று கெஞ்சினால் காதை மட்டும் ஆட்டும்.

ஒருநாள் ஓடையைக் கடக்கையில் அவன் வண்டி நடுநீரில் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தெற்கத்திக் குதிரைப்படை கூச்சலோடு பாய்ந்தது. காவலுக்கு வந்தவர்கள் ஓட்டமெடுத்தார்கள். தெற்கத்தியர்கள் முன்னால் போன வண்டிகளில் தூக்க முடிந்ததைத் தூக்கி, மற்றதற்குத் தீ வைத்தார்கள். ஹோசியாவின் வண்டியில் உப்புப் பன்றி இறைச்சி. பட்டினியில் வற்றிப்போன அவர்களுடைய கேப்டன் லாஃப்டிஸ் மோப்பம் பிடித்து வந்து, தன் குதிரையை அந்த வண்டியின் பின்னால் கட்டினார்.

"ஓட்டுடா, எங்க முகாமுக்கு!"

"ஓட்டலாம் கேப்டன். ஆனா இதுங்க திட்டினாத்தான் நகரும். நான் திட்ட மாட்டேன்னு கடவுள்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். மீறலாமா, நீங்களே சொல்லுங்க."

கேப்டனோ ஊரில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிற மனுஷன். "மீறக்கூடாதுதான்..."

"நாங்க திட்டட்டுமா கேப்டன்?" என்று வீரர்கள் ஆசையாகக் கேட்டார்கள்.

"திட்டித் தொலைங்கடா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

ஆளாளுக்குத் திட்டினார்கள். கழுதைகளுக்கு அது உறைக்கவே இல்லை. முன்கழுதை டிலைலா நிதானமாகத் தண்ணீர் குடித்தது.

குன்றுக்கு அப்பால் வடக்குப் படையின் ஊதுகொம்பு கேட்டது. வீரர்கள் குதிரையேறிப் பறந்தார்கள். ஆத்திரத்தில் கேப்டன் டிலைலாவின் நெற்றியில் துப்பாக்கியை வைத்தார். ஹோசியா கத்தினான்.

"அடி நாசமாப் போன மூதேவி! உன்னைப் பெத்த..."

மீதியை எழுத முடியாது. பழைய குரலைக் கேட்ட ஆறு கழுதைகளும் ஒரே பாய்ச்சல். கேப்டன் ஓடையில் மல்லாந்தார். "ஐயோ, என் குதிரைடா!" என்று அவர் அலறியபோது குதிரை வண்டியோடு கரையேறிப் போய்க்கொண்டிருந்தது.

வடக்குப் படை முகாமுக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு வண்டிதான். பல நாள் அரைப்பட்டினி கிடந்தவர்கள் இறைச்சியை வறுத்தார்கள். ஹோசியா பாதிரியார் முன் தலைகுனிந்து நின்றான்.

"சத்தியத்தை மீறிட்டேன் ஐயா. மொத்தமும் பேசிட்டேன்."

பாதிரியார் கண்ணை மூடி வெகுநேரம் மென்றார். "பாவம் பாவந்தான். அதை நாளைக்குப் பேசலாம். அந்தக் கொழுப்புத் துண்டை இப்படித் தள்ளு, மகனே."