வீட்டுக்குத் தண்ணீர் விட்ட அம்மா

பிளானோ நகரில் இன்று காய்ந்த கரிசல் மண்ணில் மழை விழுந்து எழுந்த வாசனை காருக்குள் வந்ததும், நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடைக்குப் போய்விட்டேன். இப்போது டோல்வே என்கிற சுங்கச்சாலை ஓடும் இதே இடத்தில்தான், புல்வெளியை ஒட்டிய கடைசி வீடாக எங்கள் வீடு இருந்தது. ஆகஸ்ட் வெயிலில் மண் சுருங்கி, என் கை நுழையும் அளவுக்குச் சுவரை விட்டு விலகும். அஸ்திவாரம் அசைந்து சமையலறைச் சுவரில் கீறல் ஏறும். அதனால் இந்த ஊர் வழக்கப்படி அம்மா சாயங்காலந்தோறும் தண்ணீர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு, வெட்டுக்கிளிகள் காலில் வந்து மோத, வீட்டைச் சுற்றி அடிமண்ணை நனைத்துக்கொண்டே வருவாள்.

எடிசன் நகரிலிருந்து வந்திருந்த மாமா சிரித்தார். "செடிக்கு ஊத்துவாங்க, நீ வீட்டுக்கு ஊத்துற. பேசாம வித்துட்டு எங்க பக்கம் வந்துடு."

"மண்ணுக்குத் தாகம்ண்ணா. அதுக்கு நான் ஏன் ஊரை விட்டுப் போகணும்?"

வீடு நின்றது. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் டோல்வே போட அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இடிப்பதற்கு முந்தின சாயங்காலம், காலி செய்த வீட்டுக்கு அம்மா ஹோஸோடு போனாள்.

"நாளைக்கு இடிக்கப் போறாங்கம்மா," என்றேன்.

"இன்னைக்கு நம்ம வீடுதானே. குழாயைத் திற."