சிவப்பில் நின்ற ஊசி

“கோளாறுன்னு ஒண்ணு வண்டிக்குள்ள இருந்தா, என்னைக் கண்டதும் அதுவே பொனட்டத் தெறந்துகிட்டு வெளிய வந்து கும்புடு போடும். ‘தெரியல’ங்கிற வார்த்தைய நான் பள்ளிக்கூடத்தோட விட்டுட்டேன்.”

பொகவந்தலாவை பஸாரில், தேநீர்க்கடை வாசலில் நின்று மரியரட்ணம் இந்தப் பிரகடனத்தைச் செய்தபோது, சாட்சிக்கு இரண்டு பஸ் கண்டக்டர்களும் ஒரு மரக்கறி வியாபாரியும் பாண் வாங்க வந்த பங்குத்தந்தையும் இருந்தார்கள். தலைக்கனம் பாவம் என்று சொல்லத்தான் பங்குத்தந்தை வாயெடுத்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் அந்த நேரம் ரட்ணத்தின் கராஜில் பிரிந்து கிடந்தபடியால் வாயை மூடிக்கொண்டார்.

மலையகத்தில் மெக்கானிக்கை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரட்ணம் பாஸின் கராஜ் என்பது சாய்வான தகரக்கூரை, ஓர் அந்தோனியார் படம், எந்த மழைக்கும் வடியாத எண்ணெய்ச் சேறு. மின்சாரம் அளக்கும் மீட்டர் ஒன்றும் இருந்தது. காது கேட்காதவனுக்குத்தான் அது தேவை என்று பெட்டியிலேயே வைத்திருந்தார். வண்டி வளைவில் திரும்பும்போதே தீர்ப்பு வந்துவிடும். பெற்றோல் தீர்ந்து நின்ற ஒரு வேனுக்குக் காபரேட்டரைக் கழற்றி மாட்டியதும் உண்டு. அதைப் பஸார் இன்றுவரை ‘சர்வீஸ்’ என்றே மரியாதையாகக் குறிப்பிடுகிறது.

அந்த வெள்ளைக் கார் ஒரு மழை நாளில் வந்தது. ஓட்டி வந்தவன் தர்ஷன். காரோ அவனுடைய மனைவியின் தம்பி துஷாந்துடையது. துஷாந்த் அதை வாடகை ஹயருக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கலியாணம்கூட ஆகவில்லை. அதன்பின் கார், தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கீழே படங்குத் துணி மூடிக் கிடந்தது.

“ஹட்டன் மொதலாளி ஒருத்தர் கேக்குறாரு பாஸ். எல்லாம் பேசியாச்சு. ஆனா சாவியத் திருப்புனதுமே சூட்டு ஊசி ஏறிப் போயி செவப்புல நிக்குது. எஞ்சின் ஹெட்டு போயிருக்கும்னு மனுசன் பயப்படுறாரு. ஊசிய எறக்கிக் குடுத்தீங்கன்னா அன்னைக்கே எடுத்துட்டுப் போயிருவாரு.”

“ஒங்க மாமியாரு என்ன சொல்லுது?”

“வித்துருங்கன்னு சொன்னதே அவங்கதான். கண்ணுல பாக்க முடியலையாம்.”

ரட்ணம் பாஸ் பொனட்டைத் திறக்கவில்லை. காரைச் சுற்றிக்கூட வரவில்லை. “சென்சர்,” என்றார். “நாளைக்கு வாங்க தம்பி.”

எஞ்சின் தண்ணீரின் சூட்டை அறிந்து ஊசிக்குச் சொல்வது அந்தச் சென்சரின் வேலை. ஹட்டனிலிருந்து புதிதாக ஒன்று வந்தது. பாஸ் அதைக் கொடியேற்றும் பக்தியுடன் பொருத்திச் சாவியைத் திருப்பினார். ஊசி துள்ளி எழுந்து சிவப்பில் போய் நின்றது. எஞ்சின்மேல் கையை வைத்தால் பொகவந்தலாவைக் காலைக் குளிர் அப்படியே இருந்தது.

சென்சர் நிரபராதி என்று ஆனபின், பழியைத் தேர்மோஸ்டாட்டின் தலையில் போடலாம் என்று பார்த்தார். தண்ணீர் சூடாகும்வரை அடைத்து வைத்திருக்கும் அந்தச் சின்ன வால்வை, மூடியைக் கழற்றிப் பார்த்தால், காணவே இல்லை. ‘ஏத்தத்துல சூடேறும், குளுருற ஊருக்கு இது எதுக்கு’ என்று இந்தப் பள்ளத்தாக்கின் எல்லாக் கார்களிலிருந்தும் அதைப் பிடுங்கி எறிவது வழக்கம். இந்தக் காரிலிருந்து பிடுங்கியவரும் ரட்ணம் பாஸ்தான். அடுத்து ரேடியேட்டரைக் கழுவினார். ரேடியேட்டர் சுத்தமானது, ஊசி அசையவில்லை.

“என்னங்க, கோளாறு இன்னும் கும்புடு போட வரலியா?” என்றாள் சாப்பாடு கொண்டுவந்த மனைவி பவுலின்.

“வருது. குளுருதுன்னு போர்வை தேடுது.”

அன்று பின்னேரம் துஷாந்தின் தாய் சண்முகவடிவு வந்தாள். தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

“வண்டி சரியாயிருச்சாண்ணே?”

“இல்ல தங்கச்சி. நாளைக்கு ஆயிரும்.”

அவள் காரைப் பார்த்தபடி நின்றாள். “செத்த நேரம் உள்ள ஒக்காரட்டுமா?”

பாஸ் முன்கதவைத் திறந்துவிட்டார். அவள் சாக்கை அவிழ்த்து வெளியே வைத்தாள். காலைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். பிறகு பெல்ட்டை இழுத்து, பூட்டுவாயைத் தேடித் தடவி, மாட்டிக்கொண்டாள்.

“நிக்கிற வண்டிக்குப் பெல்ட்டு எதுக்கு?”

“போடாட்டி ஏசுவான்.”

ரட்ணம் பாஸ் ஸ்பேனரைத் தேடுவதாகப் பாவனை செய்துகொண்டு பின்பக்கம் போய்விட்டார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

இறங்கும்போது அவளே சொன்னாள். “வண்டி லயத்துக்கிட்ட நின்னப்ப ஒக்காந்து பாத்தேன்ண்ணே. ஆளாளுக்கு வந்து எட்டிப் பாக்குறாங்க. அழுதா ஒரு பேச்சு, அழாட்டி ஒரு பேச்சு. அவன் இருந்தப்ப இந்த முன்சீட்டுல நான் ஒருநாளும் ஒக்காரல. ‘வாம்மா, ஏறு’ம்பான். ஹயர் ஆளுங்க ஒக்கார்ற எடம், தேயிலச் சாயம் பட்ட சீலையோட எப்புடி ஏறுறதுன்னு நடந்தே போயிருவேன்.”

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். வண்டி சரியாகிவிட்டதா என்று கேட்பாள். இல்லை என்றதும் ஏறி உட்காருவாள். கண்ணாடிக்கு வெளியே கூரைத் தகரத்தையும் மழையையும் தவிர ஒன்றுமில்லை. அவள் ஏதோ நீண்ட பயணம் போகிறவள்போல் சாய்ந்து அமர்ந்திருப்பாள். ஊசி இறங்கும் அன்றைக்கு அந்தப் பயணம் முடிந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

தர்ஷனும் பொல்லாதவன் அல்ல. நின்ற வண்டி துருப்பிடிக்கும், மாமியார் அதைப் பார்த்துப் பார்த்தே கரைந்துவிடுவாள் என்று அவன் நினைத்ததில் பிழையில்லை. “பாஸ், மொதலாளி இன்னைக்குப் பின்னேரம் நேர்ல வாராரு,” என்று போனில் சொன்னான். “இன்னைக்கும் முடியலைன்னா தலவாக்கலையில வேற கார் எடுக்கப் போறாராம்.”

அன்று பகல் ரட்ணம் பாஸ், கராஜில் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் சொல்லித்தரும் வேலையைக் கடைசியாகச் செய்தார். சென்சரில் செருகியிருந்த வயரைப் பிடுங்கிவிட்டு ஊசியைப் பார்த்தார். சென்சர்தான் பொய் சொல்கிறது என்றால் இப்போது ஊசி விழவேண்டும். விழவில்லை. அப்படியானால் சென்சருக்கும் ஊசிக்கும் நடுவே எங்கோ வயர் இரும்பில் பட்டுக்கொண்டிருக்கிறது. பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எடுத்தார். மீட்டரும் அதையே சொன்னது.

வயர்க் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். பற்றரிக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. உரப்பை தைக்கும் நூல். தோட்டத்தில் கூரைத் தகரம் முதல் சப்பாத்து வரை அந்த நூலால்தான் கட்டுவார்கள். மூடுபனிக்கு லைட் பூட்டிய துஷாந்த், அதன் வயரையும் பழைய வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து, கூர்விளிம்பு இரும்பின்மேல் வைத்து, அவிழாதபடி இழுத்துக் கட்டியிருந்தான். குலுங்கிக் குலுங்கித் தோல் தேய்ந்து செம்பு இரும்பைத் தொட்டிருந்தது.

முடிச்சுமேல் முடிச்சு. மனத் திருப்தி வராமல் இன்னும் ஒன்று. வேலை தெரியாத பையனின் கவனமான கை.

பாஸ் விரல் நுனியால் வயரைச் சற்றே தூக்கினார். ஊசி சாதுவாக இறங்கி அடியில் படுத்தது. விரலை எடுத்தார். மறுபடி ஏறிற்று. நூலை அறுத்து, வயருக்கு டேப் சுற்றினால் முடிந்தது. ஒரு பிளேன்டித் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகாது. பிளேடும் டேப்பும் பக்கத்திலேயே இருந்தன. பற்றரிமேல் கையை ஊன்றியபடி நெடுநேரம் நின்றார்.

முதலாளியும் தர்ஷனும் வந்தபோது மழை விட்டிருந்தது. சண்முகவடிவு வழக்கம்போல முன்சீட்டில் இருந்தாள்.

“என்ன பாஸ்,” என்றார் முதலாளி, “ஒங்களக் கண்டா கோளாறு தானா வெளிய வந்துரும்னு ஹட்டன் வரைக்கும் பேசிக்கிறாங்களே. வந்துச்சா?”

தர்ஷன் சிரித்தான். தேநீர்க்கடைப் பக்கமிருந்து இரண்டு பேர் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார்கள். ரட்ணம் பாஸ் கந்தல் துணியில் கையைத் துடைத்தார். எண்ணெய் போன பிறகும் துடைத்தார். ஹட்டனில் எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் ஒருநாள் அந்த முடிச்சு அகப்படும், அப்போது தன் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதுவரை எத்தனை பின்னேரங்கள் மிஞ்சும் என்பதுதான் தெரியாது. கண்ணாடிக்குள்ளே, வந்தவர்களைக் கண்டுகொண்ட சண்முகவடிவு யாரும் சொல்லாமலே இறங்க ஆயத்தமானாள். சேலையைச் சரிசெய்தாள். டாஷ்போர்டை ஒருமுறை உள்ளங்கையால் துடைத்துவிட்டாள்.

“எனக்குப் புடிபடலங்க மொதலாளி,” என்றார் ரட்ணம் பாஸ், பஸார் முழுவதும் கேட்கும்படி அல்ல, ஆனால் கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும்படி. “எங்கன்னே தெரியல.”