கேரியர் ராஜகோபால்

சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் போவார். ஆடி பிறந்து வருகிற முதல் திங்கட்கிழமை, தெருவில் தறிச் சத்தம் தொடங்குகிற நேரத்தில், பச்சை வண்ண லேடீஸ் சைக்கிள் ஒன்றின் ஹாண்டில்பாரைக் கன்றுக்குட்டியின் காதுகளைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு ராஜகோபால் தெருவில் இறங்குவார். இரண்டடி பின்னால் துணிப்பையும் டிபன் கேரியருமாக அவர் மனைவி கிருஷ்ணவேணி வருவார். "இன்னா ராஜகோபாலு, டூரா?" என்று எதிர்வீட்டுச் செல்லியம்மாள் குரல் கொடுப்பாள். "ஆமாம்மா, ஒரு ரவுண்டு பூட்டு வந்துர்றோம்" என்பார். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை வரைக்கும் அந்த வண்டிமேல் ஒருவரும் ஏறுவதில்லை.

ஓரிக்கை தாண்டி, பாலாற்று மணலில் இருவருமாக வண்டியைத் தள்ளி, அக்கரை ஏறி, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் காட்சி மாறும். கிருஷ்ணவேணி தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சீட்டில் ஏறுவார். ராஜகோபால் ஒரு போர்வையை நாலாக மடித்துக் கேரியரில் போட்டு, வேட்டியை ஒதுக்கி ஒருக்களித்து உட்கார்ந்து, கறுப்புக் குடையை இருவர் தலைக்குமாக விரித்துப் பிடிப்பார். வண்டி உத்திரமேரூர்ப் பக்கம் கிளம்பிவிடும். நாற்பது வயதைத் தாண்டியும் ராஜகோபாலுக்குச் சைக்கிள் விடத் தெரியாது.

இதை அவரே சொல்லித்தான் நான் அறிவேன். நான் பக்கத்துப் போர்ஷன்காரன். எங்கள் இரண்டு குடித்தனத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர், பொதுவில் ஒரு கிணறு. அங்கே ரசம் தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும்.

ராஜகோபாலுக்கு வேலை பட்டுக் கடையில். கல்யாணக் கூட்டம் வந்து உட்கார்ந்தால் சேலை சேலையாக விரித்துப் போடுவதும், அவர்கள் ஒன்றும் வாங்காமல் எழுந்து போன பிறகு அதே மடிப்பில் மறுபடி மடித்து அடுக்குவதும் அவர் பிழைப்பு. அந்தக் கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. துண்டு, தலையணை உறை, பழைய சாக்கு எல்லாம் மடிந்து மடிந்து உட்கார்ந்திருக்கும். என் பேப்பரை இரவல் வாங்கிப் போனால், பிரித்தே பார்க்காததுபோல் திரும்பி வரும். தோசையைக்கூட முந்தானை உள்ளே போகிற மாதிரி மடித்துத்தான் தட்டில் வைப்பார்.

தோசை அவர்தான் சுடுவார். கிருஷ்ணவேணி கிராம சேவிகா. கூரம் பக்கத்து ஊர்களில் எல்லாம் மாதர் சங்கம் கூட்டி, புகையில்லா அடுப்பு போடவும் பப்பாளியில் அல்வா கிண்டவும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். அந்த அல்வாவை ஒரு தடவை வீட்டில் கிண்டினார். "நல்லாத்தான் இருந்துது சார். கரண்டிதான் வெளிய வரல" என்றார் ராஜகோபால். அன்றிலிருந்து அடுப்படி அவருடையது. சைக்கிள் அம்மாளுடையது. டிரெயினிங்கிலேயே பழக்கி, டிபார்ட்மெண்டில் கொடுத்த வண்டி.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கடையில் ஈ ஓட்டுவதற்குப் பதில் முதலாளி லீவு கொடுத்துவிடுவார். மற்றவர்கள் லீவு விட்டால் திருப்பதி, மெட்ராஸ் என்று ரயிலேறுவார்கள். இவர்கள் உத்திரமேரூர், வந்தவாசி, செய்யாறு என்று சைக்கிளில் ஒரு வட்டம் அடித்துத் திரும்புவார்கள். சத்திரத்திலோ பள்ளிக்கூடத்து வராந்தாவிலோ படுக்கை. கிணற்றடி கண்ட இடத்தில் குளியல். என்னதான் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பாக்கல சார். வண்டி ஓட ஆரம்பிச்சாலே நான் கண்ண மூடிக்குவேன். பயம்! ஆனா எல்லாம் தெரியும். நெல்லு அவிக்கிற வாசன வந்தா ரைஸ் மில்லு, மண்ணு வாசன வந்தா ஏரி" என்றார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக ஒன்றையும் பார்க்காமல் திரும்பி வந்த மனிதரை நான் கண்டதில்லை.

வழியில் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. "யோவ், எறங்கி நீ மிதிய்யா!" என்று மாட்டுவண்டிக்காரர்கள் கத்துவார்களாம். இவர் குடைக்குள் இருந்தபடியே பதில் சொல்வாராம். "வண்டி அம்மாவுது, ஓட்டறதும் அம்மா. பஸ்ஸுல ஏறினா டிரைவர எழுப்பிட்டு நீயா குந்திக்குவே?"

அப்படியானால் ஊருக்குள் ஏன் தள்ளிக்கொண்டு போகவேண்டும்? அது கிருஷ்ணவேணி போட்ட கண்டிஷன். "வெளியூருல எவன் சிரிச்சா என்னங்க. நம்ம தெருவுல உங்களப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாராம். வாசலிலேயே ஏறி உட்காரத் தயாராக இருந்த மனிதர், மனைவி பேச்சுக்குக் கட்டுப்பட்டு வருஷா வருஷம் ஓரிக்கை வரை தள்ளினார்.

போன ஆடியில்தான் அந்த விபரீதம் நடந்தது. திரும்பி வருகிற வழியில் ஓர் ஏரிக்கரை மேல் போய்க்கொண்டிருந்தார்கள். நல்ல காற்று. "குடைய மடக்குங்க" என்று கிருஷ்ணவேணி சொல்லியிருக்கிறார். வெயில் அவர் முகத்தில் விழுகிறதே என்று இவர் மடக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. ஆடிக் காற்று ஒரே வீச்சில் குடையைப் பிடுங்கப் பார்த்தது. இவர் விடுவாரா? குடை ஒரு பக்கம் இழுக்க, வண்டி ஒரு பக்கம் சாய, குடையும் வண்டியும் ஆட்களுமாகக் கரையிலிருந்து உருண்டார்கள். ராஜகோபாலுக்கு முழங்கையில் சிராய்ப்பு. கிருஷ்ணவேணிக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. வைக்கோல் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்றைக்குத்தான் உண்மையான பயம் பிடித்துக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது, முட்டி மடங்கவில்லை. மடக்கி மடக்கிப் பழக்குங்கள், எவ்வளவு தூரம் வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆபீசிலோ, லீவு முடிவதற்குள் வண்டி ஏற முடிந்தால் வேலை, இல்லாவிட்டால் சைக்கிளை ஒப்படைத்துவிட வேண்டியதுதான் என்றார்கள். வேலை போனால் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். அந்த அம்மாள் ஊர் ஊராகச் சுற்றியவர். நாலு சுவருக்குள் அவரை வைத்துப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

ராஜகோபால் இளைத்துப் போனார். கிணற்றடியில் ஒருநாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "என் கொடதான் சார் அவ கால ஒடச்சுது" என்றார். குடையைப் பரண்மேல் வீசிவிட்டாராம். "நாலு வார்த்த திட்டியிருந்தா தேவல. அந்தக் கொடய பத்தி அவ வாயத் தொறக்க மாட்டேங்கறா சார். அதான் எனக்குத் தாங்கல."

அந்தத் தவிப்பில்தான் சைக்கிள் பழகப் போனார். தானே மிதித்து மனைவியைக் கேரியரில் வைத்துக் கிராமம் கிராமமாகக் கொண்டு விடுவது என்று ஏற்பாடு. சைக்கிள் கடை ஃபக்ருதீன் விடியற்காலையில் கோயில் பக்கத்து அகலத் தெருவில் கற்றுக் கொடுத்தார். வண்டி நகர்ந்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. ஒருநாள் பால்காரர் மேல், ஒருநாள் கம்பத்தின் மேல், ஒருநாள் ஃபக்ருதீன் மேலேயே விட்டார். "அண்ணே, ஒங்களுக்கு கேரியருதாண்ணே சீட்டு. அல்லா மேல பாரத்த போட்டுட்டு அண்ணி காலப் பாருங்க" என்று கும்பிடாத குறையாக அனுப்பிவிட்டார்.

பிறகு காலைத்தான் பார்த்தார். கடைவிட்டு வந்ததும் நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு உட்காருவார். விறைப்பாக வந்த புதுச்சேலையைப் படியவைக்கிற அதே பொறுமையோடு முட்டியைக் கொஞ்சம் மடக்குவார், நிறுத்துவார், இன்னும் கொஞ்சம் மடக்குவார். வலி தெரியாமல் இருக்க வழியைச் சொல்லிக்கொண்டே மடக்குவார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்கும். "கண்ண மூடிக்கோ வேணி. பாலாத்து மணலு தாண்டிட்டோம். தோ, ரைஸ் மில்லு வருது. வாசன அடிக்குதா?" வலி பொறுக்காதபோது கிருஷ்ணவேணி, "போதும், எறங்கிக்கலாம்" என்பார். அன்றைய டூர் அதோடு முடியும்.

முட்டி ஓரளவு மடங்கியதும் சைக்கிளைக் கூடத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி அவரை ஏற்றி உட்காரவைத்தார். பெடல் முக்கால் வட்டம் சுற்றி மேலே வந்ததும் நின்றுவிடும். அதற்குமேல் முட்டி இடம் கொடுக்காது. நாள் தவறாமல் அதே இடத்தில் நின்றது. லீவோ முடிந்துகொண்டு வந்தது.

பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பக்கத்துக் கூடத்தில் வண்டி மேல் டூர் நடந்துகொண்டிருந்தது. செய்யாறு வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ராஜகோபாலின் குரல் திடீரென்று நின்றது. ஏரிக்கரை வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அந்த இடம் வந்தால் அவர் எப்போதும் வேறு வழியில் திருப்பிவிடுவார்.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றது கிருஷ்ணவேணியின் குரல்.

"வேணாம் வேணி. செவிலிமேட்டுப் பக்கமா பூடலாம்."

"கரை மேலயே போங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது. சொல்லுங்க."

 ராஜகோபால் மெதுவாக, "கரை ஏறிட்டோம். காத்து வருது" என்றார். "ம்" என்று பல்லைக் கடித்த ஒரு முனகல் கேட்டது. அதைத் தொடர்ந்து, சர்ரென்று, கூடத்தில் நின்ற வண்டியின் பின்சக்கரம் சுழலுகிற சத்தம். "சுத்திடுச்சு சார்! முழுசா சுத்திடுச்சு!" என்று சுவரைத் தட்டினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். கிருஷ்ணவேணி வியர்த்து வழிய மிதித்துக்கொண்டிருந்தார். இவர் தரையில் உட்கார்ந்து, துண்டை மடிக்காமல் அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல் எனக்குமே இறங்கியது. அன்று ராத்திரி நானும் அவர் வீட்டுத் தோசையைத்தான் சாப்பிட்டேன்.

லீவு முடிந்து அந்த அம்மாள் வேலைக்குப் போய்விட்டார். ஆடியும் பிறந்தது. டூர் உண்டா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதல் திங்கட்கிழமை காலையில் சைக்கிள் மணி கேட்டு வாசலுக்கு வந்தேன். கிருஷ்ணவேணியே வண்டியைத் தெருவில் இறக்கியிருந்தார். ராஜகோபால் வழக்கம்போல ஹாண்டில்பாரைப் பிடிக்கப் போனார். அந்த அம்மாள் கொடுக்கவில்லை. சீட்டில் ஏறி, ஒரு காலை எங்கள் வாசற்படியில் ஊன்றிக்கொண்டு, பின்னால் கையை நீட்டிக் கேரியரைத் தட்டினார்.

"ஏறுங்க."

"இங்கயா? தெருவே பாத்துக்கினு இருக்குது வேணி."

"பாக்கட்டும்."

தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. செல்லியம்மாள் ராட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ராஜகோபால் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, ஒருக்களித்து உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. "பாத்து கூட்டிக்கினு போம்மா" என்றாள் செல்லியம்மாள்.

கிருஷ்ணவேணி துணிப்பையிலிருந்து எதையோ உருவிப் பின்னால் நீட்டினார். அந்தக் குடைதான். பரணிலிருந்து எப்போது எடுத்தாரோ, தெருவில் வருகிற குடைக்காரனிடம் கொடுத்துக் கம்பி மாற்றிப் புதுத்துணி போட்டிருந்தார். ராஜகோபால் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தார்.

"வெயில் ஏறுது. விரிங்க" என்றார் கிருஷ்ணவேணி.

ராஜகோபால் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க உயர்த்திப் பிடித்தார். தெரு முழுக்கக் காத்திருக்க, வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு குடையை விரித்து, தன் தலையில் வெயில் விழ, முன்னால் இருந்த தலைக்கு நேராக முழுக்கச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். கண்களைத் திறந்தே வைத்திருந்தார்.