சூரியநெல்லியில் காயாத படம்

போய் வந்து இரண்டு மாதமாகிறது. முதலில் பாப்பாவுக்குச் சளி, பிறகு எனக்கு. இப்போதுதான் எழுத முடிகிறது.

என் கணவர் சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் வளர்ந்தவர். இப்போது துபாயில் ஒரே அறையில் ஆறு பேரோடு இருக்கிறார். கட்டிலுக்கு மேல் ஒட்ட ஊர்ப் படம் கேட்டார். கைபேசியில் இருந்த புகைப்படங்களை அனுப்பினேன். “கேலண்டர் மாதிரி இருக்கு. எங்க ஊரு இப்படியா இருக்கும்?” என்றார். ஓவியம் படித்தவளிடம் இப்படிச் சொன்னால்? ஆனால் பாப்பா பிறந்து பதினான்கு மாதமாக நான் தூரிகையைத் தொடவில்லை. கை மறந்திருக்குமோ என்ற பயத்தோடுதான் டிசம்பரில் கிளம்பினேன்.

எங்கள் ஊரான வேலந்தாவளத்தில் காலை ஆறு மணிக்கு பஸ். பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று மாறிப் போய்ச் சேர மாலை மூன்றரை. ஏறக்குறைய நூற்றெழுபது கிலோமீட்டர், டிக்கெட் முந்நூறுக்குள். மலை ஏறும்போது பாப்பா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். “ஏனுங்க, இன்னும் எத்தன வளைவுங்க?” என்று கண்டக்டரிடம் கேட்டேன். “எண்ணாதீங்க சேச்சி, எண்ணினா கூடும்” என்றார்.

தங்கியது அதே லயத்தில், கணவரின் அண்ணி செல்வி அக்கா வீட்டில். மறுநாள் ஆறரைக்கு, பாப்பா தூங்கும்போதே, லயத்துக்கு எதிரே வரைபலகையும் நீர்வண்ணமுமாக உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் மலைக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றில் ஒரு பூச்சு பூசி ஒரு வாய் டீ குடித்தால் காய்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில், தொட்டுப் பார்க்காமலே மஞ்சு என்கிற மூடுபனியின் சாம்பல் நிறத்தின் மேல் கூரையின் பழுப்பை வைத்தேன். கூரை கரைந்து மஞ்சுக்குள் ஓடிவிட்டது.

கூடையோடு வேலைக்குக் கிளம்பிய செல்வி அக்கா எட்டிப் பார்த்தார். “ஏன்டி, எங்க வீட்டையே காணோம்?”

“காயலீங்கக்கா.”

“இங்க புள்ள துணி காயவே மூணு நாளு. ஒன் படம் காயுமாக்கும். அடுப்புகிட்ட வையி.”

உள்ளே பாப்பா அழுதாள். படத்தை அடுப்போரம் சாய்த்துவிட்டு ஓடினேன்.

பத்து மணிக்கு வெயில் வந்தது. இன்னொன்று வரைந்தேன். ஒவ்வொரு கதவும் ஜன்னலும் பிசகாமல் வந்தன. கை மறக்கவில்லை. பெருமையோடு கைபேசியில் எடுத்து அனுப்பினேன். “நல்லாருக்கு” என்று பதில். நான் வைக்கும் ரசத்துக்கும் அதே சொல்தான். மனசு கேட்காமல் அந்தக் கரைந்த படத்தையும் அனுப்பினேன்.

பிறகு அழைத்தார்.

“பாப்பாவுக்கு ஸ்வெட்டர் போட்டியா?”

“போட்டிருக்கேனுங்க.”

“குல்லா? மஞ்சு எறங்குதுல்ல, வெளிய தூக்கிட்டு வராத.”

எங்கள் வீட்டில் கவலைப்படுவது இதுவரை என் வேலையாகத்தான் இருந்தது. அன்று துபாய் வெயிலில் இருந்துகொண்டு அவருக்குக் குளிர்ந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு: நீர்வண்ணம் கொண்டுபோனால் ஒரு காலைக்கு ஒரு படம்தான், அவசரப்படாதீர்கள். வாந்திக்குப் பையும் மாற்று உடையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குழந்தைக்கு ஸ்வெட்டர் இரண்டு வேண்டும், ஒன்று காயாது. கரைந்த படம் துபாய்க்குப் போய்விட்டது. வெயிலில் வரைந்த அந்த நல்ல படம் இங்கேதான் இருக்கிறது, அவர் கேட்கவில்லை.