செஞ்சி மலைக்கு மேலே ஓரகத்தியோடு

ஹெலிகாப்டரில் ஏறிவிட்டு வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் பயமாக இருந்ததா என்றுதான் கேட்கிறார்கள். இருந்தது. விழுந்துவிடுவோமோ என்கிற பயம் இல்லை. பக்கத்தில் என் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள்.

என் கொழுந்தனாரைக் கட்டினவள். பக்கத்துப் பக்கத்து வாசலில் இருபது வருஷம் சேர்ந்து கோலம் போட்டிருக்கிறோம். அப்புறம் ஏழு வருஷமாய்ப் பேச்சில்லை. தப்பு என் பேரில்தான். என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கத் தாம்பாளத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே அவள் மருமகள் வீட்டு ஆட்கள், டவுன்காரர்கள், வரிசையாய் நாற்காலியில் இருந்தார்கள். புது ஆட்களைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்திரிகையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைத்தால் மட்டும் அழைத்ததாக ஆகாது. வந்து நடத்திக் கொடுங்கள் என்று வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அவள் கல்யாணத்துக்கு வரவில்லை.

அதற்கப்புறம் எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் பசுமாட்டைப் பார்த்துத்தான் சொல்வாள். "நீ பெரிய மனுஷி, வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்" என்று மாட்டுக்குத் திட்டு விழும். நான் என் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

பொங்கலுக்கு வந்த அவள் மகன், அம்மாவைச் சென்னைக்குத் தன்னோடு கூட்டிப்போகப் போவதாகச் சொன்னான். வீட்டைப் பூட்டிவிடுவார்களாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பூட்டின வீட்டு வாசலில் போய் நின்று யாரிடம் என்ன சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனம் பக்கம் ஒரு மைதானத்தில் நாலு நாளைக்கு ஹெலிகாப்டரில் ஏற்றிச் செஞ்சி மலையைச் சுற்றிக் காட்டினார்கள். அவள் மகனும் என் மகனும் சேர்ந்து வளர்ந்தவர்கள். எங்கள் சண்டையில் அவர்களுக்குப் பங்கில்லை. ஊரை விட்டுப் போகிறதுக்கு முன்னால் மேலே இருந்து ஒருவாட்டி பார்க்கட்டும் என்று, எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லாமல் நாலு சீட்டு எடுத்துவிட்டார்கள்.

மைதானத்தில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"யாரார் வர்றாங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு வூட்லயே கெடந்திருப்பேன்" என்றாள் மகனிடம்.

"மாட்டைத்தான் போன வாரம் வித்துட்டியேம்மா" என்றான் அவன்.

ஏறுவதற்கு முன்னால் எல்லாரையும் எடை மெஷினில் நிறுத்தினார்கள். கனமான ஆள் முன்னால் உட்கார வேண்டுமாம். அவள் மகன் பைலட் பக்கத்தில் போய்விட்டான். என் மகன் போட்டோ எடுக்கிறேன் என்று பின்சீட்டில் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். மிச்சம் இருந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேரும், தோள் இடிக்க. காதில் ஹெட்போன் மாட்டி, வாய்க்கு நேரே ஒரு மைக்கை வளைத்து வைத்தார்கள்.

"யார் பேசினாலும் எல்லாருக்கும் கேக்கும்மா" என்றார் பைலட்.



மேற்கே போகப் போக மலை வந்தது. கேப்பைக் களியை உருட்டி உருட்டிக் கொட்டிவைத்தது போல ஒரே பாறை. வெயில் சாய்ந்து, பாறை எல்லாம் சுட்ட செங்கல் நிறத்தில் இருந்தது. கோட்டைச் சுவர் ஒரு மலையிலிருந்து இறங்கி இன்னொரு மலையில் ஏறிப் போனது. திரும்பும்போது, அனந்தபுரம் சந்தைக்குப் போகிற ரோட்டை வைத்து எங்கள் ஊரைக் கண்டுபிடித்தேன். மலையின் நிழல் நீளமாய்க் கிழக்கே விழுந்து ஊரை மூடியிருந்தது. அங்கே விளக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் முகத்தில் இன்னும் வெயில் அடித்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலும் வெயில் இருந்தது. பொழுது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சாய்கிறது என்று நினைத்துக்கொண்டே இத்தனை வயசை ஓட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததையும் அப்படித்தான், என் பக்கத்தில் நின்றே பார்த்திருக்கிறேன். என் வெட்கம், என் நாக்கு என்று. அந்த நாற்காலிக்காரர்கள் முன்னால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"அன்னைக்கு அந்த ஆளுங்களைப் பார்த்ததும் எனக்கு வாய் வரலை" என்று என் குரல் எனக்கே காதுக்குள் கேட்டது. "உன்னைக் கூப்பிடக் கூடாதுன்னு இல்லை."

 

"கல்யாணத்தன்னைக்கு விடியக்காலையில குளிச்சிட்டு, பட்டுப் பொடவை கட்டிக்கினு உட்கார்ந்துகினு இருந்தேன்" என்றாள் அவள். மலையைப் பார்த்துத்தான் சொன்னாள். "யாரையாச்சும் அனுப்பிக் கூப்பிடுவாங்கன்னு. கெட்டிமேளம் கேட்டுது. அப்புறம் அவுத்து மடிச்சு வெச்சிட்டேன்."

இது எனக்குத் தெரியாது. இரண்டு வாசலுக்கும் நடுவில் பத்தடி இருக்குமா? தலை குனிந்து என் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி மலையைத் தாண்டி வந்துவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க்கா, இந்த ரெண்டு வார்த்தைக்கு உன்னை இம்மாம் ஒயரம் தூக்கிக்கினு வரணுமா?"

முன்சீட்டில் அவள் மகன் தோள் குலுங்கியது.

"நீ என்னாடா சிரிக்கிற? ஒழுங்கா உட்காரு, வண்டி சாயப்போவுது" என்றாள்.

அவள் சென்னைக்குக் கிளம்ப அப்போது பதினாறு நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் பாதிப் பேச்சில் நிறுத்திக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் எழுந்து வராமல் உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். பேசினதெல்லாம் அவள்தான். நான் அவள் கொண்டுபோவதற்கு மல்லாட்டை உரித்து, கடலையைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டேன்.