வெறுங்குடுவையில் வந்த குமிழிகள்

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த ஆண்டியப்பன் ஏழு வருஷமாக ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார். இரும்பு கலந்த செம்புராங்கல்லைப் பொடித்துக் குடுவையில் போடுவார், பெராக்ஸைடை ஊற்றுவார், எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு வாயு வருகிறது என்று குறித்துக்கொள்வார். அந்தப் பொடி, தான் செலவாகாமல் பெராக்ஸைடை விரட்டி வேலை வாங்கும் கிரியா ஊக்கி. அரிமளத்தில் ஒரு கல்யாண வீட்டில் இதை விளக்கப் போனபோது, "கல்லுக்கு எதுக்கு மாப்பிள்ள பரீட்சை?" என்று கேட்டுவிட்டார்கள். அதன்பிறகு யாருக்கும் விளக்குவதில்லை.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவருடைய அம்மி 1961 மார்கழியில் ஆய்வுக்கு வழிகாட்டிய சென்னைப் பேராசிரியரின் மேஜைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. தையில் ஆய்வேட்டைக் கொடுத்தால் டாக்டர் பட்டம். பட்டம் வந்தால் லெக்சரர் வேலை. நாற்பத்தாறு வயதில், தன்னிடம் படித்து லெக்சரராகிவிட்ட பையன்களுக்கே பிப்பெட் எடுத்துக் கொடுத்து நிற்கும் அலுப்பு தீரும்.

கடைசி அத்தியாயத்தில் ஒப்பிட்டுக் காட்டுவதற்காக, பொடி போடாமல் வெறும் குடுவையில் பெராக்ஸைடை ஊற்றிப் பார்த்தார். குடுவைகள் புதிதாக வந்த வருஷம் அப்படிச் செய்தபோது ஒரு குமிழிகூட இல்லை. இப்போது பொலபொலவென்று வந்தது. வேறு குடுவை எடுத்தார். அதிலும் வந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அழுகைகூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அட்டெண்டர் கழுவுவது போதாதென்று குடுவைகளை வாராவாரம் திருக்கோகர்ணத்து வீட்டுக்குத் தூக்கிப்போனவரே அவர்தான். மனைவி பிரகதாம்பாள் குச்சியில் தேங்காய் நார் கட்டி, வெண்கலப் பானை துலக்குவதுபோல் செங்கல் பொடி போட்டு உள்ளே தேய்ப்பாள். கண்ணாடியில் விழுந்த கீறலிலெல்லாம் செங்கல் பொடி தங்கிவிட்டது. செம்புராங்கல்லில் உள்ள அதே இரும்புதான் அதிலும். எது கல் செய்த வேலை, எது குடுவை செய்த வேலை என்று இனிப் பிரிக்க முடியாது. ஏழு வருஷ அளவும் வீண்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார்.

"அப்ப நாந்தான் கெடுத்தேனா?"

"நீ என்ன செய்வ? வருசத்துக்கு ஒருக்காவாச்சும் வெறுங்குடுவைய நான் பாத்திருக்கணும். பாக்கல."

"மெட்ராசுல கண்டுபிடிச்சிருவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்பப் பேசாமக் குடுத்துருங்க. ஒங்க கண்ணு குழிஞ்சு கெடக்குறத எத்தன வருசம் பாக்குறது?"

பேராசிரியருக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை நீட்டினார். அளவுகள் தவறு, ஆய்வேடு கொடுக்கவில்லை என்று இரண்டே வரி. பிரகதாம்பாள் எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தாள். அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க படுங்க. தபால் எடுக்குறதுக்குள்ள நான் போய்ப் போட்டுட்டு வாரேன்."